மாகுலா துளை அறுவை சிகிச்சை இல்லாமல் தானாக மூடுமா? எத்தனை வாரம் பொறுக்கலாம்?

பதிவு 1: வளைந்தகோடு

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 63. மூன்று வாரங்களுக்கு முன் வலது கண்ணில் தூசி விழுந்ததால் அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் படிக்க நேர்ந்தபோதுதான், வரியின் நடுவில் உள்ள இரண்டு மூன்று எழுத்துகள் யாரோ கிள்ளிப் பிடித்ததுபோல் குறுகி நிற்பதைக் கவனித்தேன். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தால் மூக்கு மெலிந்து, கன்னங்கள் அதை நோக்கி இழுபட்டதுபோல் தெரிகிறது. இது எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒரு குறையும் தெரிவதில்லை.

விழித்திரையை வெட்டிப் பார்த்ததுபோல் படம் காட்டும் ஓசிடி ஸ்கேன் அறிக்கையில், இடது கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் முழுத்தடிமன் துளை என்றும், அதன் குறுகலான இடத்தில் அளவு 180 மைக்ரான் என்றும், துளையின் ஓர் ஓரத்தில் கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் கூழ் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் துளை சிறியது என்பதால் சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பதிலும் தவறில்லை என்று மருத்துவர் சொன்னார். அந்த அறையில் தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் கேள்விகள் முளைத்தன. கிழிந்துபோன நரம்புத் திசு தானாக எப்படி ஒட்டும்? ஒட்டினால் பார்வை திரும்புமா? பொறுத்திருக்கும் வாரங்களில் நான் எதையாவது இழந்துவிடுவேனா?

பதிவு 2: ஒளிவெட்டு

அம்மா, நான் கண் மருத்துவன் அல்லன். விழித்திரைப் பிரிவில் பல ஆண்டுகளாக ஓசிடி படம் எடுப்பவன். சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும். திசு எப்படி ஒட்டும் என்ற உங்கள் முதல் கேள்விக்குப் படங்களில் கண்டதை வைத்து என்னால் பதில் சொல்ல முடியும்.

துளை என்றதும் துணியில் நெருப்புப் பொறி விழுந்து ஓட்டையாகும் காட்சிதான் மனதில் வருகிறது. அங்கே துணி எரிந்து போய்விடுகிறது, திரும்பி வராது. வயது காரணமாக வரும் மாகுலா துளையில் நடப்பது பெரும்பாலும் அதுவன்று. பின்னல் துணியில் ஊசியைக் குத்தி விரித்தால் இழைகள் அறாமல் ஓரத்துக்கு ஒதுங்குவதுபோல், மையத்தில் இருந்த, ஒளியை உணரும் கூம்பு செல்கள் சுற்றிலும் வெளிப்புறமாக ஒதுக்கப்படுகின்றன. நடுவில் இருக்க வேண்டிய செல் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு தனக்கு விழும் ஒளியை நடுவில் விழுந்ததாகவே மூளைக்குச் சொல்கிறது. உங்களுக்கு எழுத்துகள் நடுநோக்கிக் குறுகித் தெரிவதும், எதிரில் இருப்பவரின் மூக்கு மெலிவதும் அதனால்தான். செல்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன, இடம்தான் பெயர்ந்திருக்கின்றன. எனவே அவை மறுபடி நடுவுக்கு வர வாய்ப்பு இருக்கிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இழுப்பது யார் என்று பார்ப்போம். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழ் வயதாக ஆக நீர்த்துச் சுருங்கி விழித்திரையை விட்டுப் பிரிகிறது. அது ஒரே நாளில் முழுதாகப் பிரிவதில்லை. முதலில் மாகுலாவைச் சுற்றியுள்ள பகுதியில் விலகி, மாகுலாவின் மையமான நடுக்குழியில் மட்டும் சில காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுக்குழிதான் மாகுலாவின் மிக மெல்லிய இடம். அதன் தரையை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பவை முல்லர் செல்கள் என்னும் தாங்கு செல்கள். கண் அசையும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரே புள்ளியில் கூழின் இழுப்பு விழுகிறது. பலருக்கு அது பத்திரமாக விட்டுவிடும். சிலருக்குத் தரையைப் பெயர்த்துக்கொண்டு போகும்.

தானாக மூடும் கண்களில் நான் கண்ட வரிசை இதுதான். முதலில் விட்ரியஸ் விடுகிறது. பிறகு துளையின் இரு விளிம்புகளின் மேற்பகுதியிலிருந்து மெல்லிய திசு நீண்டு நடுவில் பாலம்போல் இணைகிறது. இதில் முல்லர் செல்களுக்கும் அவற்றோடு சேர்ந்த கிளியா செல்களுக்கும் பெரும் பங்கு உண்டு. பாலம் அமைந்ததும் அதற்குக் கீழே ஒரு சிறு நீர்க்குமிழ் அடைபட்டு நிற்கும். மேலிருந்து புதிதாக நீர் இறங்க வழியில்லாததால், விழித்திரைக்கு அடியில் உள்ள நிறமி எபிதீலியம் அந்த நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சி வெளியேற்றுகிறது. நீர் வற்ற வற்ற, ஒதுங்கியிருந்த கூம்பு செல்கள் நடுநோக்கி நகர்ந்து வருகின்றன. ஓசிடி படத்தில் வெளி எல்லைச் சவ்வின் கோடு முதலில் இணைவதையும், அதற்குக் கீழுள்ள எலிப்சாய்டு அடுக்கின் கோடு பின்னால் இணைவதையும் காணலாம். முன்னது வராமல் பின்னது வந்ததை நான் கண்டதில்லை.

உங்கள் 180 மைக்ரான் என்பது தலைமுடி இரண்டை ஒட்டி வைத்த அகலம்தான். பாலம் கட்டக் கூடிய தூரம். கட்டியே தீரும் என்று மட்டும் இதைப் படித்துவிடாதீர்கள்.

பதிவு 3: பின்கண்

விழித்திரை அறுவை மருத்துவராகப் பணிபுரிகிறேன். ஒளிவெட்டு எழுதிய விளக்கம் சரியானது. அதன்மேல் ஒரு வரலாற்றுத் திருத்தத்தை மட்டும் சேர்க்கிறேன். 1988இல் டொனால்டு காஸ் இத்துளைகளை நிலைகளாகப் பிரித்தபோது, விட்ரியஸ் கூழ் மாகுலாவின் மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் இழுப்பதே காரணம் என்று கருதினார். 1991இல் ஓசிடி என்னும் கருவி அறிமுகமாகி, கண்ணை அறுக்காமலேயே விழித்திரையை நெடுக்காக வெட்டியதுபோல் பார்க்க முடிந்த பிறகுதான், முன்னோக்கிய இழுப்பும் பெரும் பங்கு வகிப்பது தெளிவாயிற்று. இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. துளை எதனால் தானாக மூடுகிறது என்பதற்கும் இதுவே விடை. இழுக்கும் கை விட்டுவிட்டால் விளிம்புகள் மீளத் தொடங்குகின்றன.

அளவுகளைப் பற்றிச் சொல்கிறேன். 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட வகைப்பாட்டின்படி 250 மைக்ரான் வரை சிறியது, 400 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. விட்ரியஸ் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதும் அதில் தனியாகக் குறிக்கப்படும். உங்களுடையது சிறிய துளை, விட்ரியஸ் ஒட்டுடன் கூடியது. தானாக மூடக்கூடியவற்றின் முதல் வரிசையில் வைக்கத் தக்கது. பெரிய துளை, விட்ரியஸ் ஏற்கெனவே முழுதாகப் பிரிந்துவிட்ட கண், பல மாதங்கள் பழைய துளை ஆகியவற்றில் நான் காத்திருப்பதை ஊக்குவிப்பதில்லை. விட வேண்டிய கை அங்கே ஏற்கெனவே விட்டுவிட்டது. அதன் பிறகும் மூடவில்லை என்றால் இனி மூட வைக்க வேறு எதுவும் பெரும்பாலும் மிச்சமில்லை.

எண்கள் வேண்டுமா? முழுத்தடிமன் துளை உண்டாவதற்கு முந்தைய நிலையில், அதாவது நடுக்குழி இழுபட்டு மஞ்சள் புள்ளியாகவோ வளையமாகவோ தெரியும் நிலையில், ஏறத்தாழப் பாதிக் கண்கள் துளையாகாமலேயே தப்பிவிடுகின்றன. 1994இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், அந்நிலையிலேயே அறுவை செய்த கண்களில் 37 விழுக்காடும் செய்யாமல் விட்டவற்றில் 40 விழுக்காடும் முழுத்துளையாக மாறின. இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்பதால், அந்த நிலையில் அவசரப்பட்டு அறுவை செய்யும் பழக்கம் குறைந்தது. முழுத்துளை உண்டான பிறகு கணக்கு அடியோடு மாறுகிறது. 1997இல் வெளியான ஆய்வில், பெரிய துளைகளை அறுவையின்றிக் கவனித்துவந்தபோது ஆறு மாதங்களில் 4 விழுக்காடுதான் மூடின. அறுவை செய்தவற்றில் 69 விழுக்காடு மூடின. மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் 2004ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு ஆண்டுகள் முடிவில் கவனிப்புக் குழுவில் 11.5 விழுக்காடும் அறுவைக் குழுவில் ஏறத்தாழ 81 விழுக்காடும் மூடின. இன்றைய முறைகளில் அறுவையின் வெற்றி 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

பதிவு 4: மூன்றாம்கரை

நான் அந்தச் சிறுபான்மையில் ஒருவன். வயது 58. என் துளை 140 மைக்ரான். அறுவைக்கு நாள் குறித்த பிறகு ஐந்தாவது வாரத்தில், காலையில் எழுந்தபோது அந்தக் கண்ணில் மங்கலான வளையம் ஒன்று மிதப்பதைக் கண்டேன். பார்வையைத் திருப்பினால் அதுவும் கூடவே ஆடி ஆடி வந்தது. பயந்துபோய் அன்றே மருத்துவமனைக்குச் சென்றேன். பார்வை நரம்பின் தலைப்பகுதியில் ஒட்டியிருந்த விட்ரியஸ் வளையமாகப் பெயர்ந்து வந்ததன் அடையாளம் அது என்றும், கூழ் முழுதாகப் பிரிந்துவிட்டதென்றும் சொன்னார்கள். கண்மணியை விரிவாக்கி ஓரங்கள் முழுவதையும் பார்த்து, வேறு கிழிசல் இல்லை என்று உறுதிசெய்த பிறகே அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து எடுத்த படத்தில் துளையின்மேல் கூரை கட்டியிருந்தது.

பார்வை மட்டும் அன்றே திரும்பவில்லை. உண்மையைச் சொன்னால், மூடிவிட்டது என்று கேட்ட மகிழ்ச்சியில் வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் முன்போலவே குறுகி நின்றன. அடுத்த நான்கு மாதங்களில்தான் அது மெல்ல மெல்லக் குறைந்தது. இன்றும் கட்டக்கோட்டுத் தாளைப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு நெல்மணி அளவுக்கு வளைந்தே நிற்கிறது.

பதிவு 5: எண்கணக்கு

மூன்றாம்கரை அவர்களுக்கு மகிழ்ச்சியுடன் வாழ்த்துகள். ஆனால் இத்தகைய இழைகளில் ஒரு சிக்கல் உண்டு. தானாக மூடியவர் வந்து எழுதுவார். ஆறு மாதம் காத்திருந்து துளை இரட்டிப்பானவர் எழுதுவதற்கு மனமின்றிப் போய்விடுவார். படிப்பவர்களுக்கு மூடுவதே வழக்கம் என்ற எண்ணம் வந்துவிடும்.

மருத்துவர் தந்த எண்களையும் கவனமாக ஒப்பிட வேண்டும். 4 விழுக்காடும் 11.5 விழுக்காடும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. முன்னது பெரிய துளைகள் மட்டும், ஆறு மாதங்கள். பின்னது சிறியவையும் கலந்த தொகுப்பு, இரண்டு ஆண்டுகள். விட்ரியஸ் ஒட்டைக் கரைக்கும் ஓக்ரிபிளாஸ்மின் ஊசியைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வில், மருந்தில்லாத போலி ஊசி போடப்பட்ட துளைகளில் 10.6 விழுக்காடு மூடின என்பதைப் பலர் இயற்கையாக மூடும் விகிதமாக எடுத்தாள்கிறார்கள். அந்த 10.6 விழுக்காடு என்பது 47 கண்களில் 5 கண்கள். இரண்டு கண்கள் கூடக் குறைய ஆகியிருந்தால் எண் ஏறத்தாழ 6 ஆகவோ 15 ஆகவோ இருந்திருக்கும். அத்துடன், மருந்தில்லாத திரவமானாலும் கண்ணுக்குள் செலுத்தும்போது கூழைச் சற்று அசைக்கக்கூடும். அதைச் சும்மா இருந்ததாகக் கொள்ள முடியுமா?

ஆகவே "பத்தில் ஒன்று மூடும்" என்று பொதுவாகச் சொல்வதை விட, இந்த அளவுள்ள, இந்த ஒட்டுள்ள, இத்தனை வாரம் பழைய துளை என்று பிரித்துக் கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

பதிவு 6: பின்கண்

மறுக்க ஒன்றுமில்லை. போலி ஊசியைப் பற்றிய ஐயம் நியாயமானது. அதே ஆய்வில் மருந்து செலுத்தப்பட்ட 106 துளைகளில் 43 மூடின, அதாவது 40.6 விழுக்காடு. விட்ரியஸ் ஒட்டை மருந்தால் கரைத்துவிட்டாலே பல துளைகள் தாமாக மூடிக்கொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. விழித்திரையை யாரும் தைக்கவில்லை, சவ்வை உரிக்கவில்லை, கூழின் பிடியை மட்டும் தளர்த்தினார்கள். இருந்தும் பாதிக்கு மேற்பட்டவை மூடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பதிவு 7: பனிமலர்

மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. அந்த ஊசி இப்போதும் கிடைக்கிறதா? கண்ணுக்குள் வாயு மட்டும் செலுத்தி மூட வைக்கலாம் என்றும், சொட்டு மருந்தாலேயே மூடியது என்றும் படித்தேன். எங்கள் பெரியம்மாவுக்கு அறுவை என்றாலே நடுக்கம்.

பதிவு 8: பின்கண்

ஓக்ரிபிளாஸ்மின் 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எதிர்பார்த்த அளவுக்குப் பயன்பாட்டில் நிலைக்கவில்லை, பின்னர் சந்தையிலிருந்தும் விலக்கிக்கொள்ளப்பட்டது. செலுத்திய பின் சிலருக்குப் பார்வை தற்காலிகமாக மங்கியதும், நிற உணர்வு மாறியதும் அதன் மீதான ஆர்வத்தைக் குறைத்தன.

வாயு முறையில் விரிவடையும் வாயுவைச் சிறிதளவு கண்ணுக்குள் செலுத்துவார்கள். விட்ரியஸ் ஒட்டு விடுபடுவதில் இது நன்றாகவே வேலை செய்தது. துளையுள்ள கண்களை மட்டும் எடுத்துக்கொண்ட அமெரிக்கக் கூட்டாய்வில் 35 கண்களில் 10 கண்கள் எட்டாவது வாரத்தில் மூடியிருந்தன. ஆனால் அதையும் அதன் துணை ஆய்வையும் சேர்த்து, வாயு செலுத்தப்பட்ட 59 கண்களில் 7 கண்களுக்கு விழித்திரைக் கிழிசலோ விலகலோ நேர்ந்ததால் இரண்டையும் பாதியில் நிறுத்தினார்கள். அறுவைக்கு அஞ்சி இதைத் தேர்ந்தெடுப்பவர் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சொட்டு மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துளையின் விளிம்புகள் வெறுமனே விலகி நிற்பதில்லை, நீர் கோத்து வீங்கியும் இருக்கின்றன. வீங்கிய விளிம்பு உயர்ந்து, சரிந்து, எதிர் விளிம்பிலிருந்து மேலும் விலகுகிறது. வீக்கத்தை வற்றச் செய்தால் விளிம்புகள் தாழ்ந்து நெருங்கி, பாலம் அமையும் தூரத்துக்குள் வந்துவிடும் என்பதுதான் இதன் அடிப்படை. அதற்காகவே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு சொட்டும், ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்புச் சொட்டும், நிறமி எபிதீலியம் நீரை வெளியேற்றுவதற்கு உதவும் டோர்சோலமைடு அல்லது பிரின்சோலமைடு சொட்டும் சேர்த்துத் தரப்படுகின்றன. கடைசி இரண்டும் கண் அழுத்த நோய்க்குத் தரப்படும் பழைய மருந்துகளே.

200 மைக்ரானுக்கும் சிறிய, விளிம்பில் நீர்ப்பைகள் தெளிவாகத் தெரிகிற துளைகளில் இம்முறை பலன் தந்ததாக மருத்துவர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். நானும் சில கண்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றுள் எத்தனை சொட்டு இல்லாமலேயே மூடியிருக்கும் என்று எண்கணக்கு கேட்டால் என்னிடம் விடையில்லை. வெளியானவை பெரும்பாலும் நோயாளிகளின் தொகுப்புகளே. மேலும் ஸ்டீராய்டு சொட்டைத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் கூடக்கூடும், கண்புரை விரைவுபடும். மருத்துவர் அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொண்டே தர வேண்டிய மருந்து அது. ஒருவருக்கு எழுதிக்கொடுத்ததை மற்றொருவர் வாங்கி விடக் கூடாது.

பெரியம்மாவின் துளை எவ்வளவு பெரியது என்று எழுதினால் மேலே சொல்லலாம்.

பதிவு 9: பனிமலர்

520 மைக்ரான் என்று இருக்கிறது. ஓராண்டாகப் பார்வை மங்கல்.

பதிவு 10: பின்கண்

அப்படியானால் சொட்டிலோ காத்திருப்பிலோ நம்பிக்கை வைக்கச் சொல்ல மாட்டேன். அவருடைய நடுக்கத்தைப் பற்றி அறுவை மருத்துவரிடமே வெளிப்படையாகப் பேசுங்கள். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்து செய்யப்படும் சிகிச்சைதான் இது.

பதிவு 11: இளந்தென்றல்

என் மகனுக்கு வயது 14. விளையாட்டில் பந்து கண்ணில் பட்டு மாகுலாவில் துளை. அளவு 300க்கு மேல். மேலே எழுதியவற்றின்படி பார்த்தால் உடனே அறுவை செய்ய வேண்டும் போலிருக்கிறது. ஆனால் எங்கள் மருத்துவர் மூன்று மாதம் பொறுக்கலாம் என்கிறார். தாமதப்படுத்துகிறாரோ என்று அச்சமாக இருக்கிறது.

பதிவு 12: பின்கண்

அச்சப்படாதீர்கள். உங்கள் மருத்துவர் சொல்வது ஏற்கத் தக்க வழிதான். நான் மேலே எழுதியவை அனைத்தும் வயது காரணமாக வரும் துளைகளைப் பற்றியவை. அடிபட்டு உண்டாகும் துளைக்குக் கணக்கு வேறு. அங்கே கூழ் பல மாதங்கள் இழுத்து இழுத்துத் துளைக்கவில்லை. பந்து பட்ட கணத்தில் கண்கோளம் முன்பின்னாக நசுங்கிப் பக்கவாட்டில் விரிந்தபோது நடுக்குழி கிழிந்தது. அந்த விசை அந்தக் கணத்தோடு முடிந்துவிட்டது. இளம் வயதுத் திசுவுக்குப் பாலம் கட்டும் திறனும் மிகுதி. 2002இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட தொகுப்பில், அடிபட்ட 18 கண்களில் 8 கண்கள் அறுவையின்றி மூடின. இளையவர்களிடமும் சிறிய துளைகளிலும் இது கூடுதலாக நிகழ்கிறது.

ஆனால் அடிபட்ட கண்ணில் துளை மூடுவது மட்டும் போதாது. அதே அடியில் நிறமி எபிதீலியமோ அதற்கும் கீழுள்ள கோராய்டு அடுக்கோ கிழிந்திருந்தால், துளை அழகாக மூடிய பிறகும் பார்வை முழுதாக வராது. விழித்திரையின் ஓரங்களில் கிழிசல் இருக்கிறதா என்பதையும், கண் அழுத்தத்தையும் ஒவ்வொரு சந்திப்பிலும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓசிடி எடுத்துக்கொண்டு பொறுத்தால் அது சிகிச்சையின் ஒரு பகுதி. மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று படமே எடுக்காமல் அனுப்பியிருந்தால் மட்டும் வேறொருவரிடமும் கேளுங்கள்.

பதிவு 13: நலவழி

லூட்டீன் மாத்திரையும் கண் பயிற்சியும் செய்தால் துளை மூடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நிறமிகள் மாகுலாவில் இருப்பவைதானே, ஏன் முயலக் கூடாது?

பதிவு 14: ஒளிவெட்டு

மாகுலாவின் மஞ்சள் நிறத்துக்கு லூட்டீனும் சியாக்சாந்தினும் காரணம் என்பது உண்மை. கூழின் இழுப்பை அவை எப்படி விடுவிக்கும்? கதவிடுக்கில் சிக்கிய விரலுக்கு மஞ்சள் பூசுவது போன்றது அது. கண்ணை உருட்டும் பயிற்சி இன்னும் மோசம். ஒட்டியிருக்கும் கூழை ஆட்டி இழுக்கும் வேலையை அது கூடுதலாகச் செய்கிறது.

பதிவு 15: தொலைவானம்

எண்கணக்கு எழுதிய அந்த "எழுத மனமில்லாதவர்" நான்தான். எழுதிவிடுகிறேன்.

என் துளை முதலில் 230 மைக்ரான். ஒட்டு இருந்தது. தானாக மூடலாம் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னது என் காதுக்கு இனிமையாக இருந்ததால், அதற்குப் பிறகு சொன்ன "ஆறு வாரத்தில் வாருங்கள்" என்பதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களும் கூப்பிட்டு நினைவூட்டவில்லை. மற்றொரு கண் நன்றாக இருந்ததால் நாள்கள் ஓடின. எட்டாவது மாதம் சென்றபோது துளை 480. அறுவை செய்தேன், மூடியது. பெரிய எழுத்துகள் படிக்க முடிகிறது, சிறிய எழுத்து முடியவில்லை. ஆறாவது வாரமே செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாராலும் எனக்கு உறுதி தர முடியாது. ஆனால் அந்தக் கேள்வியோடு வாழ்வது எளிதாக இல்லை.

பதிவு 16: ஒளிவெட்டு

ஐயா, எழுதியதற்கு மிக்க நன்றி. உங்கள் பதிவைப் படித்ததும் படம் எடுக்கும் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டிய சில நினைவுக்கு வந்தன.

காத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கூடியவரை ஒரே கருவியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டுக்கோடுகளின் இடைவெளி அதிகமாக இருந்தால், எந்தக் கோடும் துளையின் நடுவில் போகாமல் அதன் ஓரத்தைத் தொட்டுச் செல்லும். அப்போது துளை சுருங்கியதுபோலவும், சில நேரம் மூடிவிட்டதுபோலவும் படம் காட்டும். அந்தப் படத்தை நம்பி மகிழ்ந்து, அடுத்த வாரம் மனமுடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறாகவும் நடக்கும். மேற்பரப்புச் சவ்வு சுருங்கியதால் துளைபோல் தோற்றம் தரும் போலித் துளையையும், பாதித் தடிமன் வரை மட்டுமே உள்ள குறைத் துளையையும் சரியாகப் பிரித்தறியாமல் முழுத்துளை என்று எழுதிவிட்டு, பிறகு அது "தானாக ஆறிவிட்டது" என்று சொல்லப்படும் கதைகளும் உண்டு. இணையத்தில் உலவும் அற்புதங்களில் சில இந்த வகையைச் சேர்ந்தவை என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது மிக எளிது. சுவிஸ் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லரின் பெயரால் வழங்கும் கட்டக்கோட்டுத் தாளை, படிக்கும் கண்ணாடியை அணிந்து, நல்ல கண்ணை மூடிக்கொண்டு, படிக்கும் தூரத்தில் வைத்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். வளைவு எத்தனை கட்டங்களுக்குப் பரவியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை தாளிலேயே வரைந்து தேதி போட்டு வையுங்கள். நாளுக்குப் பத்து முறை பார்ப்பதால் கவலைதான் கூடும். நல்ல கண்ணையும் தனியே சோதியுங்கள், ஏனென்றால் ஒரு கண்ணில் இத்துளை வந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குச் சில ஆண்டுகளில் மற்றதிலும் வருகிறது. அந்தக் கண்ணில் கூழ் ஏற்கெனவே முழுதாகப் பிரிந்திருந்தால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. காத்திருக்கும் நாள்களில் மின்னல் வெட்டுவது போன்ற ஒளியோ, திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டுவதோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதோ நேர்ந்தால் அடுத்த சந்திப்புத் தேதி வரை பொறுக்கவே கூடாது. கூழ் பிரியும்போது ஓரத்தில் விழித்திரையைக் கிழித்துவிட்டிருக்கலாம்.

பதிவு 17: எண்கணக்கு

மூடியது மறுபடி திறக்குமா?

பதிவு 18: பின்கண்

திறப்பதுண்டு. தானாக மூடிய துளையும் அறுவையால் மூடியதும் சில கண்களில் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் திறந்திருக்கின்றன. மேற்பரப்பில் சவ்வு வளர்ந்து சுருங்குவது அதற்கு ஒரு காரணம். மூன்றாம்கரை அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது படம் எடுத்துக்கொள்வது நல்லது. கூழை அகற்றும் விட்ரெக்டமி அறுவை ஏற்கெனவே செய்யப்பட்ட, கூழே இல்லாத கண்களில் புதிதாகத் தோன்றிய துளைகளும் அரிதாகத் தாமாக மூடியிருக்கின்றன. கூழின் இழுப்பு விடுவது ஒன்றே காரணம் என்றால் இது நடந்திருக்க முடியாது. விளிம்பு வீக்கம் வற்றுவதும் கிளியா செல்களின் பாலமும் தம்மளவிலேயே போதுமானவையாகச் சில கண்களில் அமைகின்றன என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. என் முதல் பதிவில் விட்ரியஸுக்கு நான் கொடுத்த இடம் சற்று அதிகமோ என்று இதை எழுதும்போது தோன்றுகிறது. ஆனாலும் ஒரு நோயாளியிடம் காத்திருக்கலாம் என்று சொல்லும்போது நான் முதலில் தேடுவது அந்த ஒட்டைத்தான்.

பதிவு 19: வளைந்தகோடு

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். எல்லோருடைய பதிவுகளையும் பலமுறை படித்தேன். தொலைவானம் ஐயாவின் பதிவைப் படித்த அன்றே நாட்காட்டியில் தேதியைக் குறித்து வைத்தேன்.

இரண்டாவது வாரப் படத்தில் 190 மைக்ரான், ஒட்டு அப்படியே இருந்தது. நேற்று எடுத்த படத்தில் விட்ரியஸ் விட்டிருக்கிறது. படத்தில் அந்த மெல்லிய கோடு துளைக்கு மேலே தனியாக மிதப்பதை எனக்கும் காட்டினார்கள், அதன் நுனியில் கடுகளவு திசு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் துளை மூடவில்லை. 270 ஆகியிருக்கிறது. விளிம்புகள் வீங்கியிருக்கின்றன. கட்டக்கோட்டுத் தாளிலும் வளைவு ஒரு கட்டம் கூடியிருப்பதை நான் முன்பே கவனித்திருந்தேன்.

விட்ட பிறகு மூடும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். விட்டுவிட்டது, மூடவில்லை. இன்னும் இரண்டு வாரம் சொட்டு விட்டுப் பார்ப்பதா, அறுவைக்குப் போவதா என்று என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 9 நாள் கழித்து அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டேன். அதுவரை சொட்டும் தந்திருக்கிறார்கள்.

பதிவு 20: தொலைவானம்

நல்ல முடிவு அம்மா. 270 என்பது என் 480 அன்று.

பதிவு 21: பின்கண்

நானும் இதையே சொல்லியிருப்பேன். இந்த அளவில், இவ்வளவு விரைவில் செய்யும்போது மூடும் வாய்ப்பு மிக நன்று. நீங்கள் பொறுத்த வாரங்கள் வீண் என்று எண்ண வேண்டாம். அளந்துகொண்டே பொறுத்தீர்கள்.

பதிவு 22: ஒளிவெட்டு

ஒரே ஒரு வேண்டுகோள் அம்மா. அறுவை நாளன்று காலையில், மேசைக்குச் செல்லும் முன், மறுபடியும் ஓர் ஓசிடி எடுக்கச் சொல்லுங்கள். கூழ் அண்மையில்தான் விட்டிருக்கிறது, சொட்டும் போகிறது. அறுவைக்கு உடைமாற்றி உட்கார்ந்திருந்த இருவரை, அந்தக் காலைப் படத்தில் துளையின்மேல் கூரை தெரிந்ததால் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அப்படி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பதிவு 23: வளைந்தகோடு

கேட்டேன் தம்பி. எப்படியும் எடுப்போம் என்றார்கள். அன்று மாலை யாரையாவது விட்டு இங்கே எழுதச் சொல்கிறேன்.